அடுத்த வேலை இல்லாமல் கொடுத்த கடிதம்

வேலையை விட்டுவிட்டேன். அடுத்த வேலை எதுவும் கையில் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் முதலில் தெரிவது பயம்தான். கோயிலில், மளிகைக் கடையில், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், எங்கே பார்த்தாலும் "வேற வேலை பார்த்துட்டியாம்மா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் குரல் இறங்கிவிடும். அம்மா என்ன சொன்னாங்க? வீட்டை எப்படிப் பார்த்துக்குவே? வீடு என்ன ஆகும்?

இந்தக் கடைசிக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாருமே எங்களை நன்றாகத் தெரிந்தவர்கள். நாங்கள் இருக்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் கடன் இல்லை, அது அம்மா பெயரில் இருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் கேட்டார்கள். எதனால் கேட்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வேலையை விடு என்று கோலாலம்பூரில் இருக்கும் தோழிகள் சொன்னார்கள். நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அந்தக் கணக்கு போதாது. எங்கள் ஆட்களுக்கு வேலை என்பது சம்பளத்தோடு நின்ற விஷயம் இல்லை. குடியிருந்த லயத்து வீடு (வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு) தோட்டத்துடையது. வாசலில் வந்த தண்ணீர் தோட்டத்துத் தண்ணீர். குழந்தையை விட்டுவிட்டுப் போன ஆயாக் கொட்டகை, பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த டிரசர், எல்லாமே தோட்டத்து எல்லைக்குள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் இருக்கும் வரைக்கும் இதெல்லாம் உண்டு. பெயர் போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. அம்மாவின் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். ஒரு கட்டத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, மேட்டு நிரையில் (மர வரிசையில்) ஏற முடியாமல் போனது. பாட்டி அதே தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையில் இருந்தவர், அதற்கும் முன்பே தவறிவிட்டார். பெரிய மாமாவுக்கு அது மூன்றாம் படிவத்தின் எல்சிஇ பரீட்சை எழுத வேண்டிய வருஷம். கணக்கில் கெட்டிக்காரர், பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக்கு வந்து, வேலையில் யாராவது இருந்தால்தான் வீடு என்று சொல்லிவிட்டுப் போனாராம். சத்தம் போடவில்லை, திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார் என்று அம்மா எப்போதும் சேர்த்துச் சொல்வார். அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை மாமா தாத்தாவின் உளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய் நின்றார். பள்ளிக்கூடப் புத்தகங்களை அம்மா ஒரு பால் வாளியில் போட்டு மூடி, பரண் மேல் வைத்தாராம். மாமா திரும்பப் போவார் என்று நினைத்து வைத்தது. அவர் போகவில்லை.

"வீட்டுக்கு ஒரு பேர் வேணும்." நான் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன இரவு அம்மா சொன்னது இதைத்தான். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் செக்ரோலைச் சொல்கிறார் என்று விளங்கியது. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, கூலி கிடையாது. அதைக்கூடச் சமாளித்துவிடலாம், கடையில் கடன் சொல்லலாம். பெயர் இல்லாமல் போனால் ஏழு பேர் எங்கே போய்ப் படுப்பது? அம்மாவின் பயத்தை வெறும் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. அது அனுபவத்தில் கற்ற பாடம். அவர் காலத்தில் அதுதான் உண்மை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அதைப் பார்த்துத்தான் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி (அப்போதைய டாலர்) கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம்தான் முதலில் வாங்கியது. கூட்டுறவு என்றால் பங்கு, லாபம் என்று நமக்குத் தோன்றும். அந்த 10 வெள்ளியைக் கொடுத்தவர்கள் அதற்கு மேல் ஒன்றை வாங்கினார்கள். நாளைக்குத் தோட்டம் கைமாறினாலும் நம்மை வெளியே போ என்று சொல்ல ஆள் இருக்கக் கூடாது என்பது அது. எனக்கு அது ஒரு பெரிய காரியமாகப் படுகிறது.

எங்கள் வீட்டில் அதைச் செய்தது அப்பாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். அந்த நிதி 1951இல் வந்தது. அப்பா தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் கட்டி வந்தார். லயம் இடிக்கப்படும் என்று பேச்சு வந்தபோது, அதிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து இந்தத் தாமானில் ஒரு விலை மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டினார். மீதிக் கடனை வேலை ஓய்வுக்குப் பிறகு வந்த பணத்தில் அடைத்தார். இரண்டு அறை, பின்னால் ஒரு கொய்யா மரம், மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. இந்த வீட்டை யாரும் எங்களிடம் காலி செய்யச் சொல்ல முடியாது. நான் வேலையை விட்டதற்கு என் துணிச்சல் காரணம் என்று சிலர் பாராட்டுகிறார்கள். அப்பா கட்டி முடித்த வீடுதான் காரணம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சேர்ந்தபோது நல்ல இடம். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் போனார்கள், அவர்கள் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. சப்ளையர் பில் பார்த்தவர் போனார், அது என் மேசைக்கு வந்தது. சம்பளக் கணக்கு போட்டவர் பிரசவ விடுப்பில் போய் அப்படியே நின்றுவிட்டார், அதுவும் வந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் வீட்டுக்கு வரும்போது அம்மா தூங்கியிருப்பார். "கொஞ்ச நாளைக்குச் சமாளிங்க" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. 2023 ஜனவரியிலிருந்து சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, முன்பு இருந்த 48 குறைந்தது என்று எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே உட்கார்ந்துதான் இரவு எட்டரைக்கு நான் பில் சரிபார்ப்பேன்.

அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, இன்னொரு கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண். டாக்டர் கேட்டது வேலை நேரத்தைப் பற்றித்தான்.

வேறு வேலை தேடிக்கொண்டு போயிருக்கலாமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது முடிகிறவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் வேலை தேடுவதே ஒரு வேலை. விண்ணப்பம் எழுத வேண்டும், வார நாளில் நேர்காணலுக்குப் போக வேண்டும், போன இடத்தில் தெளிவாகப் பேச வேண்டும். மாதக் கணக்கில் சரியாகத் தூங்காத ஒருத்தி நேர்காணலில் எப்படி இருப்பாள்? கிடைத்ததைப் பிடித்துக்கொள்வாள். இதே மாதிரி இன்னொரு இடத்தில் போய் உட்காருவாள். அதற்கு நான் தயாராக இல்லை.

கடிதத்தை மேலாளரிடம் கொடுத்தபோது அவர் அதைப் படித்து முடிக்கும் முன்பே கேட்டார், "எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?" எங்கும் இல்லை என்றேன். நம்பவில்லை. பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி, அவர்கள் எவ்வளவு தருகிறார்கள் என்றார். மறுநாள் கூப்பிட்டு, மாதம் 200 ரிங்கிட் ஏற்றித் தருவதாகச் சொன்னார். இன்னொரு ஆளை எடுப்பீர்களா என்று கேட்டேன். அது மேலே கேட்க வேண்டும் என்றார். இரண்டு மேசை வேலைக்கு 200 ரிங்கிட். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

இனி எழுதப்போவது அலுப்பான விஷயம். ஆனால் இதற்காகத்தான் யாராவது இதை முழுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாமாக வேலையை விட்டால் சட்டம் நமக்குக் கொடுப்பது மிகக் குறைவு. ஆட்குறைப்பில் அனுப்பப்படுகிறவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம். ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டம் 2018இல் தொடங்கியது. நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு என்று மாதா மாதம் பிடிக்கிறார்கள். வேலை போனால் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 30 என்று குறைந்துகொண்டே அதிகபட்சம் ஆறு மாதம் வரை உதவித்தொகை வரும். அதுவும் தானாக விலகியவருக்குக் கிடையாது. பல பேர் கடிதம் கொடுத்த பிறகுதான் சொக்சோ அலுவலகத்துக்குப் போய் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் எல்லா விலகலும் ஒன்றில்லை. பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலகினாலும், வேலைக்குச் சம்பந்தம் இல்லாத ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னதால் விலகினாலும் அந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினாலும் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் செய்ய வேண்டும். வற்புறுத்தி ராஜினாமா வாங்கினால் அது பணிநீக்கத்துக்குச் சமம் என்று தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கவும் அதே 60 நாள்தான். ஆகவே "நீங்களே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க, பேர் கெடாது" என்று யாராவது காகிதத்தை நீட்டினால், அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஒரு இரவு கழித்துப் பதில் சொன்னால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

அப்புறம் நோட்டீஸ். வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதலில். எதுவும் எழுதியிருக்கவில்லை என்றால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவர் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று எங்கள் பக்கம் பிள்ளைகள் சர்வ சாதாரணமாகப் பேசுவார்கள். கிளம்பலாம்தான், மீதி நாட்களுக்கு உரிய சம்பளத்தை நாம் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அடுத்த வேலை இல்லாதவர் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. எடுக்காத ஆண்டு விடுமுறைக்குப் பணம் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான் கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில், வேலையோடு சேர்ந்து என்னென்ன போகும் என்று எழுதினேன். பாட்டியும் தாத்தாவும் எழுதியிருந்தால் வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று போயிருக்கும். என்னுடையதில் இருந்தது கார் கடன், கம்பெனி மருத்துவ அட்டை, இபிஎஃப் பங்கு. மருத்துவ அட்டை கடைசி நாளோடு முடிந்தது. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான், மாத்திரையும் அங்கேயே. கார் கடன்தான் நெருக்கடி. வங்கியில் எதையாவது மாற்றி எழுத வேண்டும் என்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே போக வேண்டும். வேலை போன பிறகு அதே அதிகாரி நம்மை வேறு மாதிரி பார்ப்பார். தம்பி ஜொகூரிலிருந்து மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன் என்றான். அக்கா எதற்குச் சங்கடப்படுகிறாய் என்று அவன் கேட்டது எனக்குப் பெரிய தெம்பு. இருந்தாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு அனுப்பு, அதுவரை என் சேமிப்பில் ஓடும் என்று சொல்லிவிட்டேன்.

2024 மே மாதம் முதல் இபிஎஃப் கணக்கை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் 10 விழுக்காடு போகும் மூன்றாவது கணக்கிலிருந்து 50 ரிங்கிட்டுக்குக் குறையாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம், அவ்வளவு சுலபம். நான் இன்னும் தொடவில்லை. இந்த வீடு எந்தப் பணத்தில் வந்தது என்று தெரிந்தவளுக்கு அந்தப் பொத்தானை அழுத்தக் கை வராது.

முதல் வாரங்கள் எப்படி இருந்தன என்று அதிகம் எழுத ஒன்றும் இல்லை. தூங்கினேன். நிறையத் தூங்கினேன். அம்மா எழுப்பவில்லை, ஆனால் பகலில் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். அக்கம்பக்கத்தார் நான் வீட்டில் இருப்பதைப் பார்த்தால் கேட்பார்கள் என்று. ஒரு நாள் நானே வாசலைத் திறந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அத்தை வந்து கேட்கத்தான் செய்தார். சொன்னேன். அவர் மகள் கிள்ளானில் இதே மாதிரி சிரமப்படுகிறாள் என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அம்மா உள்ளே தேநீர் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பட்டணத்தில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கும் ஒரு மினி மார்க்கெட்டுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். சம்பளம் என்று சொல்லும்படி இல்லை, பழையதில் பாதிகூட வராது. இபிஎஃப்பில் நானாகக் கட்டுகிறேன். இப்படிச் சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கான திட்டத்தில் பதிந்தால் அரசாங்கமும் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்க்கிறது. ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று அடுத்த தவணையில் பார்ப்போம் என்றார் டாக்டர்.

பெரிய மாமாவைப் பார்க்கப் போனபோது அவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நோட்டீஸ் ஒழுங்கா கொடுத்தியா? கணக்கெல்லாம் ஒப்படைச்சியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் மாமா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் வெட்டிய பழைய தோட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அங்கே இப்போது பால்மரம் கிடையாது, எல்லாம் செம்பனை. குலை வெட்டுவது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். அவர்களுடைய வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் தங்கும் இடம் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். மாமா பதினைந்து வயதில் சுமந்ததைவிட அது பெரிய சுமை. பிடிக்காத வேலையை விட்டுவிடுங்கள் என்று நான் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். தலைக்கு மேல் இருக்கும் கூரை வேலையோடு கட்டப்பட்டிருக்கிறவரிடம் அப்படிச் சொல்வது நியாயம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு. முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு வேண்டும், அதை அவர்களோடு சேர்ந்து நாமும் கேட்க வேண்டும். நம்மைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும்?

நான் நிரந்தர வேலைக்குத் திரும்பப் போவேன். சும்மா இருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது, எனக்கும் வேலை பிடிக்கும். ஈப்போவில் இரண்டு இடத்துக்கும் கோலகங்சாரில் ஓர் இடத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கோலகங்சாரில் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளத்தைப் பற்றி அவர்களே பேசட்டும். நான் முதலில் கேட்கப்போவது, இந்த மேசையில் எனக்கு முன்னால் இருந்தவர் எதற்காகப் போனார், அவர் போன நாளிலிருந்து அந்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதுதான்.